ஐரோப்பியப் பழைய வாள்வித்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டேன். முகத்தில் கறுப்பு வலை மாஸ்க், கையில் நண்டுக்கொடுக்கு மாதிரி கிளவுஸ், நாலடிக்கு மேல் நீளமான ஒரு வாள். ராத்திரி தூங்கப் போவதற்குள் அக்கா மகன் முதல் பழைய ஆபீஸ் நண்பர்கள் வரை ஆளுக்கொரு கேள்வி. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. தனித்தனியாக டைப் அடித்துக் கை வலித்துவிட்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் வாத்தியார் இல்லை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், வியாழக்கிழமை தோறும் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஆறு வருஷமாக அடி கொடுத்தும் வாங்கியும் வருகிறவன். பெரும்பாலும் இருகை நீள்வாள், எப்போதாவது ரேப்பியர் என்கிற ஒருகை வாள்.

இது ஒலிம்பிக்கில் வருகிற ஃபென்சிங்தானே?

இல்லை. பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம். நாங்கள் செய்வதை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஹீமா’ (ஹிஸ்டாரிக்கல் யூரோப்பியன் மார்ஷியல் ஆர்ட்ஸ், அதாவது பழைய ஐரோப்பியப் போர்க்கலைகள்) என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஆயுதப் பயிற்சி நூல்களைப் படித்து, அதில் சொன்னதை உடம்பால் செய்துபார்ப்பதுதான் இதன் சாரம். ஒலிம்பிக்கில் மூன்று வகை வாள்: ஃபாயிலும் சேபரும் 500 கிராமைத் தாண்டக் கூடாது, எப்பே 770 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரே நீளப் பாதையில் முன்னும் பின்னும் போய்வர வேண்டும், மின்சார விளக்கு புள்ளி சொல்லும். எங்கள் வாள் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கனம். சுற்றி வரலாம், நெருங்கி மல்லுக்கட்டலாம், எதிராளியின் கைப்பிடியைப் பிடித்து வாளைப் பிடுங்கலாம்.

இரும்புக் கவசம் போட்டுக் கும்பலாக மோதுகிறார்களே, அது வேறு விளையாட்டு. சரித்திர விழாவில் வேஷம் கட்டுவதும் வேறு. எங்களில் யாரும் உடையில் அந்தக் காலத்து ஆளாகத் தெரிய மெனக்கெடுவதில்லை. கீழே டிராக் பேன்ட்தான்.

குரு பரம்பரை அறுந்துபோன கலையாயிற்றே, யாரிடம் கற்கிறீர்கள்?

புத்தகத்திடம். இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நீளமாகப் பதில் சொல்லப் பிடிக்கும்.

14ஆம் நூற்றாண்டில் யோஹான்னஸ் லீக்டெனவர் என்று ஓர் ஆசான் இருந்தார். தன் வாள்வித்தையை எதுகை வைத்த செய்யுள் வரிகளில் அடக்கினார். படித்தால் புரியாது. கண்டவர் கையில் சிக்கி வித்தை மலிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே மறைத்துச் சொன்னார் என்று பின்னால் வந்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். சித்தர் பாடல்களின் பரிபாஷை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பிறகு சிக்மண்ட் ரிங்கெக் போன்றவர்கள் ஒவ்வொரு வரியாக எடுத்து உரை எழுதினார்கள். ரிங்கெக்கின் உரை உள்ள சுவடி டிரெஸ்டன் நூலகத்தில் இருக்கிறது. நூற்பா, அதற்குக் கீழே உரை, இரண்டு உரைகாரர்கள் முரண்பட்டால் நாம் உட்கார்ந்து தலையைச் சொறிவது: முதல் முறை பார்த்தபோது தமிழ் வகுப்புக்கே திரும்பிப் போனதுபோல் இருந்தது.

இன்று கிடைப்பவற்றில் பழையது ஒரு லத்தீன் சுவடி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு பாதிரியார் தன் மாணவனுக்கு ஒருகை வாளும் சின்னஞ்சிறு கேடயமும் சொல்லித்தருகிறார், பக்கத்துக்குப் பக்கம் படம். இத்தாலியில் ஃபியோரே தேய் லிபெரி 1410 வாக்கில் எழுதியது படத்தால் நிறைந்தது. ஒரு வீரனுக்கு வேண்டிய நாலு குணத்துக்கு அவர் நாலு விலங்கு வரைந்திருக்கிறார். பார்வைக்கும் அளவுக்கும் லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை, வேகத்துக்குப் புலி, துணிவுக்குச் சிங்கம், உறுதிக்கு முதுகில் கோட்டை சுமந்த யானை. “நான் மண்டியிடுவதில்லை” என்று அந்த யானை சொல்வதாக வரி வரும். கோயில் யானை மண்டியிட்டுப் பார்த்து வளர்ந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனுஷர் யானையை நேரில் பார்த்திருக்க மாட்டார் போல.

அச்சு வந்த பிறகு நூல்கள் பெருகின. 1536இல் மரோட்ஸோ, 1570இல் ஸ்ட்ராஸ்பூர்கில் யோஆகிம் மையர், 1610இல் சியனாவில் கபோஃபெர்ரோ. இவர்களுக்கு நடுவில் ஆக்ஸ்பூர்க் நகரின் கணக்குப் பொறுப்பில் இருந்த பவுலுஸ் ஹெக்டர் மையர் என்று ஒருவர். வாள்வித்தை நூல்களை வாங்கவும், ஓவியர்களை வைத்துப் பெரிய தொகுப்புகள் செய்யவும் நகரக் கஜானாவிலேயே கைவைத்தார். 1579இல் தூக்கில் போட்டார்கள். அவர் திருடாமல் இருந்திருந்தால் எங்களுக்குப் பாதி ஆயுதங்களைப் பற்றித் தெரிந்திருக்காது. என்ன சொல்வது!

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ஃபிரட் ஹட்டன், எகர்ட்டன் காசில் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்த நூல்களைத் தூசி தட்டினார்கள். அது நீடிக்கவில்லை. 1990களுக்குப் பிறகு நூலகங்களின் சுவடிகள் ஸ்கேன் ஆகி எல்லார் கைக்கும் வந்ததும்தான் ஊருக்கு ஊர் குழுக்கள் முளைத்தன.

சரி, ஒரு வரியை எப்படி அடவாக மாற்றுகிறீர்கள்? உதாரணம் சொல்லுங்கள்.

லீக்டெனவரின் ஒரு வரி ஏறக்குறைய இப்படி: மேலிருந்து வெட்டுகிறவனைச் சினவெட்டின் முனை மிரட்டும். அவ்வளவுதான். இனி உரைகாரர் துணையோடு பிரிக்க வேண்டும்.

எதிராளி தன் வலத் தோளிலிருந்து சாய்வாக என் தலைக்கு வெட்டுகிறான். நான் தடுக்கக் கூடாது. நானும் வலத் தோளிலிருந்து, வலது காலை எடுத்து வைத்து, அதே சாய்வில் அவனை வெட்டுகிறேன். கோபக்காரன் யோசிக்காமல் ஓங்குகிற வெட்டு இது, அதனால்தான் சினவெட்டு. இரண்டு அலகும் நடுவில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நொடியில் கண்ணுக்கு வேலை இல்லை, உள்ளங்கைக்குத்தான் வேலை. அவன் அலகு தளர்வாக இருக்கிறதா, விறைத்துத் தள்ளுகிறதா? தளர்வென்றால் என் வாள்முனை ஏற்கெனவே அவன் முகத்துக்கு நேராக இருக்கும், ஒரு சாண் நீட்டினால் போதும். அவன் பதறி என் முனையை ஒதுக்கித் தள்ளினால், தள்ளட்டும் என்று விட்டு, அவன் அலகுக்கு மேலாக என் வாளைத் தூக்கி மறுபக்கம் இறக்க வேண்டும். தள்ளாமல் விறைப்பாகவே நின்றால் கைப்பிடியை உயர்த்தித் திருகி, வேறு கோணத்தில் முனையைக் கொண்டுவர வேண்டும்.

எழுதினால் பத்து வரி. நடப்பது அரை விநாடிக்குள். இதற்காக நாங்கள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, வாள்கள் ஒட்டிய நிலையில் கண்ணை மூடிப் பழகுவோம். துணைவர் மெல்ல அழுத்துவார் அல்லது தளர்த்துவார், நான் கையால் படிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் எனக்கு எல்லாமே விறைப்பாகத்தான் தெரிந்தது. விறைப்பு என்னுடையது என்று பிறகுதான் புரிந்தது.

அந்த வாள் பத்துக் கிலோ இருக்குமே, எப்படித் தூக்குகிறீர்கள்?

இருகை நீள்வாள் பெரும்பாலும் 1.1 முதல் 1.8 கிலோதான். வீட்டு இரும்புத் தோசைக்கல் இதைவிடக் கனம். அதோடு வாளின் எடை மையம், பிடிக்கு மேலே இருக்கும் குறுக்குக்கம்பியிலிருந்து நாலைந்து விரல் தள்ளி இருப்பதால், கையில் எடுத்தால் இன்னும் லேசாகத் தெரியும். ஊர்வலத்தில் தூக்கிப்போகச் செய்த சில ராட்சச வாள்கள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அவற்றைப் பார்த்து எழுந்த கதைதான் பத்துக் கிலோ.

பயிற்சிக்கு நிஜ வாளா?

நிஜ எஃகு, ஆனால் கூர் கிடையாது. நீள்வாள்காரர்கள் வைத்திருப்பதற்கு ஃபெடர் என்று பெயர். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு இறகு என்றும் பொருள், ஸ்பிரிங் என்றும் பொருள். அலகு ஒடுக்கமாக, விளிம்பு உருட்டலாக இருக்கும். முனையை மடித்தோ அகலமாகத் தட்டியோ விட்டிருப்பார்கள். குறுக்குக்கம்பிக்கு மேலே மட்டும் அலகு கொஞ்சம் இறக்கை விரித்த மாதிரி அகலும். எடையைப் பிடியின் பக்கம் இழுப்பதும் விரலுக்குக் கொஞ்சம் மறைப்புத் தருவதும் அதன் வேலை. இது இன்றைய கண்டுபிடிப்பில்லை, 1570ஆம் வருஷத்து மையரின் படங்களிலேயே மாணவர்கள் இதே உருவத்து வாளைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வாங்கும்போது எடையைவிட வளைவைப் பாருங்கள். குத்து விழும்போது அலகு வில்லாக வளைந்து கொடுக்க வேண்டும், விட்டதும் நேராக வேண்டும். வளையாத வாளை அழகாக இருக்கிறது என்று வாங்கி வந்தால் உங்களோடு யாரும் ஆட வரமாட்டார்கள். சுவரில் மாட்டுவதற்கென்று விற்கிற வாள்கள் எதையும் மோதலுக்கு எடுக்கவே கூடாது. ஒடிந்து பறக்கும்.

பிளாஸ்டிக் வாளும் உண்டு. விலை குறைவு, தொடங்குவதற்குச் சரி. ஆனால் மோதியதும் வழுக்கி ஓடிவிடும், மேலே சொன்ன அந்த ஒட்டும் நொடி கிடைக்காது.

நீள்வாள் மட்டும்தானா?

பெரிய குடும்பம். ஒருகை வாளும் முழங்கை நீளம்கூட இல்லாத பக்லர் கேடயமும். கைவிரலைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டிய, குத்துக்கென்றே நீண்ட ரேப்பியர், இடக்கையில் அதற்குத் துணையாகக் குத்துவாள். ஒருபக்கக் கூருள்ள மெஸ்ஸர் (ஜெர்மனில் வெறும் கத்தி என்றுதான் அர்த்தம், நம் வீச்சரிவாளின் தூரத்துச் சொந்தம்). 19ஆம் நூற்றாண்டுப் படைகளின் சேபர். கோடரி, ஈட்டி, மல்யுத்தமும் நூல்களில் உண்டு. கவசம் அணிந்தவனோடு மோதும்போது வாளின் அலகையே இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்குக்கம்பியால் மண்டையில் அடிக்கிற படங்களும் உண்டு. 15ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று, வாளின் அடிக்குமிழைத் திருகிக் கழற்றி எதிரி மேல் எறியச் சொல்கிறது. எங்கள் கூடத்தில் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். செய்யமாட்டோம்.

என்னென்ன காப்பு வேண்டும்?

மேலிருந்து வருகிறேன்.

மாஸ்க். ஃபென்சிங் மாஸ்க்தான், ஆனால் அது லேசான வாள்முனையைத் தடுப்பதற்குச் செய்தது. முன்பக்கம் வலை, பின்மண்டை திறந்தே இருக்கும். ஒன்றரைக் கிலோ எஃகு உச்சியில் இறங்குவதை அந்த வடிவமைப்பு எதிர்பார்க்கவில்லை. அதனால் நாங்கள் அதன் மேல் தடித்த தோலோ திண்டோ வைத்த உறை மாட்டுவோம், பின்மண்டைக்குக் கெட்டியான மறைப்பும் சேர்ப்போம். பின்மண்டை மறைப்பில்லாமல் ஸ்பாரிங்குக்கு (நேருக்கு நேர் மோதிப் பழகுவதற்கு) விடுகிற குழுவில் சேராதீர்கள். தலையில் அடி விழும்போது மனிதன் அனிச்சையாகத் திரும்புவான், திரும்பினால் பிடரிதான் கிடைக்கும்.

கழுத்து. மாஸ்க்கின் தாடைத் துணி தொங்குகிறதே, போதாதா என்று கேட்பார்கள். கீழிருந்து மேலாக வரும் குத்து அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். அதனால் உள்ளே தனியாகக் கழுத்துப்பட்டை, தொண்டைக்குழி மேல் கெட்டித் தகடு உள்ளதாக.

கை. இங்கேதான் எல்லாரும் பணத்தைக் கொட்டுகிறோம், இங்கேதான் எல்லாரும் அடிபடுகிறோம். வாளை நீட்டியதும் எதிராளிக்கு முதலில் எட்டுவது உங்கள் கைதான். இருகை நீள்வாளுக்கு விரலை மறைக்கக் கூடு கிடையாது, குறுக்காக ஒரு கம்பி மட்டும். விரல் எலும்பு சுண்டைக்காய். அதனால் ஷெல் ஷெல்லாகப் பிளாஸ்டிக் அடுக்கிய கனத்த கிளவுஸ். சிலது நாலு விரலையும் ஒரே கூட்டில் அடைக்கும், சிலது இரண்டிரண்டாக, சிலது ஐந்தும் தனித்தனி. அடைத்தது பத்திரம், பிரித்தது சௌகரியம். ரேப்பியருக்கும் சேபருக்கும் இதை மாட்டினால் கை பிடிக்கூட்டுக்குள்ளேயே நுழையாது. அங்கே கூடே காவல், மெல்லிய திண்டு கிளவுஸ் போதும்.

ஜாக்கெட். பஞ்சு வைத்துத் தைத்தது. வெட்டின் அதிர்ச்சியைக் குடிக்கும், ஒடிந்த முனை உள்ளே போகாமலும் தடுக்கும். ஜூலையில் இதைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஆடினால் ஒரு சொம்பு வேர்வை உறுதி. பையிலேயே வைத்து மறந்துவிட்டால் அடுத்த வாரம் வீட்டில் சோறு கிடைக்காது.

முழங்கைக்கும் முன்கைக்கும் கெட்டிக் காப்பு. அடிவயிற்றுக்குக் கீழே கப். முழங்காலுக்கும் கெண்டைக்கும் காப்பு. பெண்கள் பலரும் ஆண்களில் சிலரும் நெஞ்சுக்குப் பிளாஸ்டிக் தட்டு போடுவார்கள். கிரிக்கெட், ஹாக்கிக் காப்புகளைக் காலுக்கு வைத்துச் சமாளிக்கலாம், கைக்கு வேண்டாம். பந்து வருகிற பக்கம் ஒன்று, வாள் எந்தப் பக்கமும் வரும்.

350, 800, 1600 நியூட்டன் என்று போட்டிருக்கிறதே?

துணியைத் துளைக்க எவ்வளவு விசை தேவை என்ற அளவு. மாஸ்க்கின் கழுத்துத் துணிக்கு 1600, ஜாக்கெட்டுக்கு 350 அல்லது 800 என்று பார்ப்பீர்கள். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இது துளைபடுவதைப் பற்றிய எண், வலியைப் பற்றியதல்ல. 800 நியூட்டன் துணி மெல்லியதாக இருந்தாலும் எளிதில் துளைபடாது, ஆனால் விலா எலும்பில் கன்றிப்போகும்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982இல் ரோமில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடிக்கொண்டிருந்தார். எதிராளியின் அலகு ஒடிந்தது. ஒடிந்த முனை மாஸ்க்கின் வலையைத் துளைத்துக் கண்வழியே போனது. சில நாளில் இறந்தார். மாஸ்க், உடை, அலகு மூன்றின் தரவிதிகளும் அதற்குப் பிறகுதான் இறுகின. மழுங்கிய வாள் ஒடிந்தால் அந்த இடத்தில் அது கூர்வாள். அதனால்தான் எங்கள் கூடத்தில் ஸ்பாரிங்குக்கு முன்னால் ஒவ்வொருவரும் அலகை விளக்குக்கு நேரே பிடித்து விரிசல் பார்ப்போம்.

இவ்வளவும் போட்டுவிட்டால் ஓங்கி அடிக்கலாம்தானே?

கூடாது. இதைக் கேட்கிறவர்களைத்தான் நாங்கள் தள்ளிவைக்கிறோம்.

என் இரண்டாம் வருஷத்தில் நல்ல விலையில் புதுக் கிளவுஸ் வாங்கினேன். அன்று முதல் கையைப் பற்றிய பயம் போய்விட்டது. கையை முன்னால் நீட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது வாரம் ஒரு சாதாரண வெட்டு, வேகம்கூட இல்லை, கட்டைவிரலின் பக்கவாட்டில் இரண்டு ஷெல்லுக்கு நடுவில் சரியாக இறங்கியது. வலி வரவில்லை, கை மரத்துப்போய் வாள் தானாக நழுவியது. கிளவுஸைக் கழற்றியபோது நகம் கறுத்திருந்தது. எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் சட்டைப் பொத்தானைக்கூட இடக்கையால்தான் போட்டேன். அடித்தவர் மேல் தப்பே இல்லை. வெறுங்கையாக இருந்திருந்தால் அந்தக் கையை நான் அங்கே நீட்டியிருக்கவே மாட்டேன்.

காப்பு செய்கிற கெடுதல் இதுதான். அது இல்லாவிட்டால் நூலில் உள்ளதை முழு வேகத்தில் சோதிக்கவே முடியாது. அது இருப்பதாலேயே சோதனை பொய்த்தும் போகிறது. மாஸ்க் போட்டவன் எதிரே நீட்டியிருக்கும் முனையைப் பார்த்துக்கொண்டே பாய்வான், ஏனென்றால் முகம் கிழியாது. இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதை இரட்டைவெட்டு என்போம். கூர்வாளாக இருந்தால் இரண்டு பிணம். சினவெட்டைத் தப்பாகச் செய்தால் பாதி நேரம் இதில்தான் முடியும். அதனால் சில வியாழக்கிழமைகளில் எங்கள் பயிற்றுநர் கனத்த கிளவுஸைக் கழற்றச் சொல்லிவிடுவார். மாஸ்க்கும் மெல்லிய கையுறையும் மட்டும், கால் வேகத்தில் ஆட வேண்டும். அன்றைக்குத்தான் எல்லாரும் நூலில் எழுதியபடி நிற்பதைப் பார்க்கலாம். தூரம் தானாகக் கூடிவிடும், கை தானாகக் குறுக்குக்கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

தலையில் பலமான அடி விழுந்து கண் இருட்டினாலோ குமட்டினாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, டாக்டரிடம் போக வேண்டும். பேச்சுக்கே இடமில்லை.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

எனக்கு இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆனது. ஃபெடர் முன்னூறு சொச்சம், கனத்த கிளவுஸ் இருநூறுக்கு மேல், மீதி மற்றதற்கு. ஆனால் எல்லாரும் முதலில் வாள் வாங்குகிறார்கள், அதுதான் தப்பு. வாள் குழுவிலேயே இரவல் கிடைக்கும். மாஸ்க்கை முதலில் வாங்குங்கள், அடுத்தவர் வேர்வை உங்கள் மூக்கில் வேண்டாம். பிறகு கழுத்துப்பட்டை, கிளவுஸ், ஜாக்கெட். வாள் கடைசி. அதற்குள் உங்களுக்கு எந்த நீளம் சரி, நீள்வாளா ரேப்பியரா என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

சிலம்பம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமா?

பள்ளிக்கூட நாளில் இரண்டு வருஷம் கம்பு சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். காலில் லாபம், கையில் நஷ்டம். சுவடு வைத்துப் பழகியவனுக்குத் தூரமும் நடையும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். ஆனால் கம்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், வாளுக்குக் கூர்ப்பக்கம் உண்டு. சுழற்றுகிற வேகத்தில் அலகின் தட்டைப்பக்கம்தான் போய் விழும், அது வெட்டில் சேராது. இன்னொன்று, வீச்சு முடிந்ததும் கை தானாக அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிடும். அந்தச் சுற்றின் பின்பாதியில் முகம் திறந்து கிடக்கும். முதல் வருஷம் முழுக்க என் முகத்தில் குத்து வாங்கிய கதை அதுதான்.

பெண்கள்? இடக்கைக்காரர்கள்? வயதானவர்கள்?

மூவரும் உண்டு. லீட்ஸ் சுவடியின் கடைசிப் பக்கங்களிலேயே வால்புர்கிஸ் என்ற பெண் வாளும் பக்லரும் ஏந்தி நிற்கிறாள். டால்ஹோஃபர் என்ற ஜெர்மன் ஆசானின் 1467ஆம் வருஷத்துச் சுவடியில், ஆணும் பெண்ணும் மோதி வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் சண்டை படமாக இருக்கிறது. ஆண் இடுப்பளவு குழிக்குள் நின்று ஆட வேண்டும், பெண் கையில் துணியில் முடிந்த கல். யோசித்த நீதிபதி யாரோ!

இடக்கைக்காரர்களைப் பற்றி லீக்டெனவரே ஒரு வரி வைத்திருக்கிறார். வலக்கைக்காரன் மேலிருந்து இடப்பக்கமாகத் தொடங்காதே, இடக்கைக்காரனானால் வலப்பக்கத்தில் நொண்டுவாய் என்கிறார். எங்கள் குழுவின் இரண்டு இடக்கைக்காரர்களும் எல்லாருக்கும் தலைவலி. வயதுக்கு, எங்களில் மூத்தவருக்கு அறுபத்து மூன்று. ஓடமாட்டார். நாம் ஓடி வருவதற்காகக் காத்திருப்பார்.

போட்டிகள் நடக்கின்றனவா?

நிறைய. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரின் ஸ்வார்ட்ஃபிஷ் பெயர்பெற்றது, 2006இல் தொடங்கியது. ஒவ்வொரு போட்டிக்கும் விதி வேறு. தலைக்கு அதிகப் புள்ளி, கைக்குக் குறைவு என்று சில. அடி வாங்கியவன் உடனே திருப்பி ஒன்று போட்டால் முதலில் அடித்தவனின் புள்ளியைக் குறைக்கிற விதி பல இடங்களில் உண்டு. அடித்துவிட்டுத் திறந்த மார்போடு நிற்காதே என்று பழக்க வைத்த விதி அது. நான் இரண்டே போட்டியில் கலந்துகொண்டு இரண்டிலும் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தேன், ஆகையால் ஆலோசனை சொல்லும் தகுதி இல்லை.

கூர்வாளால் எதையாவது வெட்டிப் பார்ப்பீர்களா?

வருஷத்தில் இரண்டு மூன்று முறை, திறந்தவெளியில், ஒருவர் வெட்டும்போது மற்றவர்கள் தள்ளி நின்று. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துச் சுருட்டிய ஜப்பானியப் பாய், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய பாட்டில். அலகு போகிற பாதையும் கூரின் திசையும் ஒரு நூல் விலகினாலும் பாட்டில் வெட்டுப்படாமல் புல்வெளியில் உருண்டு ஓடும். பலம் ஒன்றுக்கும் உதவாது. எங்களில் பயில்வான் மாதிரி இருக்கும் ஒருவர் நாலு பாட்டிலைத் துரத்தினார். ஒல்லியான கல்லூரிப் பெண் வெட்டியபோது பாட்டிலின் கீழ்ப்பாதி தண்ணீரோடு அப்படியே நின்றது.

வாளை எப்படிப் பராமரிப்பது?

ஒவ்வொரு ஸ்பாரிங்குக்குப் பிறகும் பழைய காட்டன் துணியை விளிம்போடு இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே பிசிறு. மோதலில் இரும்பு கொத்துப்பட்டு எழுந்த முள் அது, ஜாக்கெட்டையும் கிழிக்கும் கையையும் கிழிக்கும். சின்ன அரத்தால் இழைத்து உப்புத்தாள் போட்டு மழுக்கிவிட வேண்டும். துருவுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், இங்கத்திய குளிரில் உறைந்து ஒட்டும். வெளியே எடுத்துப்போகும்போது மூடிய பையில்தான். ரயிலில் என் பையைப் பார்த்து மீன்பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்காத டிக்கெட் பரிசோதகர் இல்லை.

அம்மா என்ன சொல்கிறார்கள்?

“இந்த வயசுல இது தேவையா” என்றார்கள். விரல் விரிசல் விட்ட கதை அம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லிவிடாதீர்கள்.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

தரையில் கறை படியாத உள்ளரங்க ஷூ, தண்ணீர் பாட்டில், முழங்கால் மூடுகிற பேன்ட். நகத்தை வெட்டிக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் வாளே தரமாட்டார்கள், நடக்கச் சொல்லுவார்கள்.